வெளியார் எழுதிய சாசனம்: வாசகர் கேள்வி-பதில்

மே 3 ஜப்பானில் அரசியல் சாசன நாள், அரசு விடுமுறை. போரில் தோற்ற அந்த நாட்டுக்கு, வென்ற நாட்டின் அதிகாரிகள் எழுதிக் கொடுத்த சாசனம் 1947இல் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அந்நியர் எழுதிய சட்டம் ஒரு மக்களின் பழக்கவழக்கத்தோடு எப்படி ஒட்டும் என்று கேட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கே: ஜப்பானின் சாசனத்தை அமெரிக்க ராணுவ அதிகாரிகள் ஒன்பதே நாளில் எழுதினார்கள் என்கிறார்களே, உண்மையா? உண்மையென்றால் அதை ஜப்பானியரின் சாசனம் என்று எப்படிச் சொல்வது?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

உண்மைதான். ஜப்பானிய அரசு முதலில் அமைச்சர் மட்சுமோட்டோ ஜோஜியின் தலைமையில் தானே ஒரு திருத்த வரைவைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழுவின் வரைவு ஒன்று 1946 பிப்ரவரி 1ஆம் தேதி மைனிச்சி நாளிதழில் வெளியாகிவிட்டது. மாமன்னரின் அதிகாரம் ஏறக்குறைய பழையபடியே இருந்ததைக் கண்ட, ஜப்பானை நிர்வகித்த நேச நாட்டுப் படைகளின் தளபதி மெக்ஆர்தர், தன் அலுவலகத்தின் அரசுப் பிரிவையே எழுதச் சொன்னார். அவர் அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு. ஜப்பானின் எதிர்காலம் பற்றி முடிவெடுக்கும் உரிமை பெற்ற தூரக்கிழக்கு ஆணையம் பிப்ரவரி 26இல் முதல் கூட்டம் கூடவிருந்தது. அதில் இருந்த சோவியத் யூனியனும் ஆஸ்திரேலியாவும் மாமன்னர் விஷயத்தில் கடுமையான நிலை எடுத்திருந்தன. அவர்கள் கூடுவதற்குள் வேலையை முடித்துவிட மெக்ஆர்தர் விரும்பினார். பிப்ரவரி 4இல் தொடங்கி 12இல் முடித்து, 13ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் யோஷிடாவிடமும் மட்சுமோட்டோவிடமும் வரைவைக் கொடுத்தார்கள். எழுதியவர்கள் ஏறத்தாழ இருபத்தைந்து பேர். பொறுப்பில் இருந்தவர் கர்னல் சார்ல்ஸ் கேடிஸ்.

இதோடு நிறுத்திக்கொண்டால் பாதி வரலாறுதான் கிடைக்கும். மார்ச் 4ஆம் தேதி காலை தொடங்கி மறுநாள் மாலை வரை, கிட்டத்தட்ட 30 மணி நேரம், சட்ட அதிகாரி சாட்டோ டாட்சுவோ அமெரிக்கர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு பிரிவாக வாதாடினார். அமெரிக்க வரைவில் ஒரே அவைதான் இருந்தது. ஜப்பானியர் வலியுறுத்தி மேலவையைச் சேர்த்தார்கள். நிலத்தின் இறுதி உரிமை அரசுக்கே என்ற பிரிவை நீக்க வைத்தார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவற்றை நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் மாற்றலாம் என்பதும் போயிற்று.

அமெரிக்கர்களும் வெறுங்கையோடு உட்காரவில்லை. சுசூகி யசுசோ என்ற அறிஞர் இருந்த தனியார் குழு ஒன்று 1945 டிசம்பரிலேயே, இறையாண்மை மக்களுக்கே என்று சொல்லும் ஒரு வரைவை வெளியிட்டிருந்தது. மெக்ஆர்தர் அலுவலகத்தின் சட்ட அதிகாரிகள் அதை மொழிபெயர்த்து, ஜனவரியில் ஆராய்ந்து குறிப்பும் எழுதியிருந்தார்கள். போருக்கு வெகு முன்பே, 1881இல், டோக்கியோவுக்கு மேற்கே இட்சுகாய்ச்சி என்ற மலையடிவார ஊரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் 204 பிரிவுகள் கொண்ட மக்களாட்சி வரைவு எழுதி வைத்திருந்தார். அது 1968இல் ஒரு பழைய கிடங்கிலிருந்து கிடைத்தது. ஆகவே இந்த எண்ணங்கள் அந்த மண்ணுக்கு முற்றிலும் புதியவை அல்ல. அதே நேரம், அதற்கு முன் நடப்பில் இருந்த 1889இன் மெய்ஜி சாசனம் 'சொந்தச் சரக்கு' என்று சொல்வதும் சரியல்ல. அது பிரஷ்ய மாதிரியைப் பார்த்து, ஹெர்மன் ரோஸ்லர் என்ற ஜெர்மானிய ஆலோசகரின் உதவியோடு எழுதப்பட்டது.

1946 ஏப்ரல் 10 தேர்தலில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள்; 39 பெண்கள் வென்றார்கள். அந்த அவைதான் வரைவை விவாதித்து, ஆகஸ்ட் 24இல் 421க்கு 8 என்ற வாக்கில் ஏற்றது. விவாதத்தில் சேர்ந்த பிரிவுகள் சில இன்று சாசனத்தின் உயிர்நாடியாக இருக்கின்றன. அரசு அதிகாரி செய்த தவறுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை (பிரிவு 17), சிறையில் வைக்கப்பட்டுப் பின் குற்றமற்றவர் என விடுதலையானவருக்கு இழப்பீடு (பிரிவு 40), மனிதர்க்குரிய குறைந்தபட்ச வாழ்க்கைத்தரம் (பிரிவு 25) மூன்றும் அங்கே நுழைந்தவை. கட்டாயக் கல்வியைத் தொடக்கப் பள்ளியோடு நிறுத்தாதீர்கள் என்று உழைக்கும் இளைஞர்களின் பள்ளி ஆசிரியர்கள் மனுக் கொடுத்து, அதையும் மாற்ற வைத்தார்கள்.

உள்ளூர்க் கை பட்டதெல்லாம் நல்லதாகவே முடிந்தது என்று எண்ண வேண்டாம். வெளிநாட்டவருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பு உண்டு என்று அமெரிக்க வரைவில் ஒரு பிரிவு இருந்தது. ஜப்பானிய அதிகாரிகள் அதைக் கரைத்து, இறுதியில் காணாமலாக்கினார்கள். சாசனம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாள், 1947 மே 2ஆம் தேதி, அந்நியர் பதிவு ஆணை ஒன்று வந்தது. ஜப்பானில் வாழ்ந்த கொரியரும் தைவானியரும் அதன்படி அந்நியராகக் கருதப்பட்டார்கள். 1952இல் அவர்கள் குடியுரிமையையே இழந்தார்கள்.

கே: குடும்பத்தின் பிடி இறுகிய சமூகத்தில், காகிதத்தில் எழுதிய பெண் சமத்துவம் வீட்டுக்குள் எப்படிப் போயிற்று?
(பள்ளி ஆசிரியை, ஈரோடு)

பழைய நிலையிலிருந்து தொடங்குவோம். மெய்ஜி கால சிவில் சட்டப்படி குடும்பம் என்பது 'இயே' என்ற இல்லம். அதற்கு ஒரு குடும்பத் தலைவர். உறுப்பினர் திருமணம் செய்துகொள்ள அவர் ஒப்புதல் வேண்டும். ஆண் 30 வயது வரையிலும் பெண் 25 வயது வரையிலும் பெற்றோர் சம்மதமும் பெற வேண்டும். இல்லத்தின் சொத்து முழுவதும் அடுத்த தலைவருக்கு, பெரும்பாலும் மூத்த மகனுக்குப் போகும். மணமான பெண் கடன் வாங்கவோ நிலத்தை விற்கவோ கணவரின் அனுமதி இல்லாமல் முடியாது. பிறன்மனை உறவு மனைவிக்கு மட்டும் குற்றம்.

திருமணம் இருவரின் சம்மதத்தால் மட்டுமே அமையும், கணவன் மனைவிக்குச் சம உரிமை என்ற 24ஆம் பிரிவின் மூல வரைவை எழுதியவர் பியாட்டே சிரோட்டா. அப்போது அவருக்கு 22 வயது. ஐந்து வயதிலிருந்து டோக்கியோவில் வளர்ந்தவர், ஜப்பானிய மொழி சரளமாகத் தெரிந்தவர். மனைவிமார் வாழ்ந்த வாழ்க்கையை நேரில் பார்த்திருந்தார். தாய்மார்க்கும் குழந்தைகளுக்கும் சமூக நலன் பற்றி அவர் எழுதிய நீண்ட பிரிவுகளைக் கேடிஸ் வெட்டிவிட்டார். மிஞ்சியது சில வரிகள்தான்.

அந்தச் சில வரிகளை வீட்டுக்குள் கொண்டுபோனவை கீழ்நிலைச் சட்டங்கள். சாசனம் வந்த அன்றே ஒரு தற்காலிகச் சட்டம் இல்லத் தலைவரின் அதிகாரத்தை நிறுத்தியது. சிவில் சட்டத்தின் குடும்பம், வாரிசுரிமை ஆகிய இரண்டு பாகங்களும் முழுதாகத் திருத்தப்பட்டு 1948 ஜனவரி 1 முதல் செல்லுபடியாயின. 1949 ஜனவரியில் குடும்ப நீதிமன்றங்கள் தொடங்கின. எங்கள் கணிப்பில் எல்லாவற்றையும்விட முக்கியமானது குடும்பப் பதிவேடு மாறியதே. மூன்று தலைமுறையை ஒரே பதிவில் வைப்பது நின்றது; திருமணம் ஆனால் தம்பதிக்குப் புதுப் பதிவு. மாமனார் பெயரின் கீழ் எழுதப்பட்டிருந்த மருமகள் இனி அங்கே இல்லை. ஆனால் பழைய பதிவேடுகளை ஒரே நாளில் மாற்றி எழுத முடியவில்லை. அவற்றைப் புது வடிவத்துக்கு மாற்றும் அமைச்சக ஆணை 1957இல்தான் வந்தது. பத்து ஆண்டுகள் பல அலுவலகங்களில் 'இல்லம்' தாளில் உயிரோடு இருந்தது.

சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகவும் மக்கள் வழி கண்டார்கள். பிள்ளைகளுக்குச் சம பங்கு என்றதும், துண்டு நிலம் மேலும் துண்டாகிவிடும் என்று அஞ்சிய உழவர் குடும்பங்களில் மகள்களும் இளைய மகன்களும் உரிமையைத் துறப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். நம் ஊரில் சகோதரிகள் எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் போன்ற ஏற்பாடு. நிலம் மூத்தவரிடமே தங்கியது. மனைவியின் பங்கு முதலில் மூன்றில் ஒன்றுதான். பிள்ளைகள் இருக்கும்போது பாதியாக உயர்ந்தது 1980இன் திருத்தத்தில்.

பெற்றோர் பக்தியும் சமத்துவமும் நேருக்கு நேர் மோதிய வழக்கு 1973 ஏப்ரல் 4இல் முடிந்தது. பெற்றோரைக் கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை, வேறு இல்லை என்றது தண்டனைச் சட்டத்தின் 200ஆம் பிரிவு. பல ஆண்டுகள் தந்தையின் பாலியல் கொடுமைக்கு ஆளாகி அவரைக் கொன்ற ஒரு பெண்ணின் வழக்கில், அந்தப் பிரிவு சமத்துவத்துக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஒரு சட்டத்தின் பிரிவையே அந்த நீதிமன்றம் செல்லாதாக்கியது அதுவே முதல்முறை. அவருக்கு விதித்த சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது 1995இல்தான். இடையில் 22 ஆண்டுகள் அரசு வழக்கறிஞர்கள் அதைத் தொடாமல் சாதாரணக் கொலைப் பிரிவிலேயே வழக்குப் போட்டார்கள்.

இன்னும் தீராதது குடும்பப் பெயர். தம்பதி ஒரே பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது சிவில் சட்டத்தின் 750ஆம் பிரிவு. எந்தப் பெயர் என்பது அவர்கள் விருப்பம். நடப்பிலோ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தம்பதிகள் அளவில் கணவர் பெயரையே ஏற்கிறார்கள். 2015இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றது. எழுத்தில் சமமாக இருந்து நடப்பில் ஒரு பக்கமே சாயும் சட்டத்தைச் சமத்துவம் என்று நீதிமன்றம் ஏற்றது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

கே: 25ஆம் பிரிவின் 'குறைந்தபட்ச வாழ்க்கைத்தரம்' வெறும் வார்த்தையா, ஏழைக்குப் பயன்பட்டதா?
(தொழிற்சங்க ஊழியர், கோவை)

அசாஹி ஷிகேரு என்ற காசநோயாளி ஒகயாமாவில் அரசு மருத்துவமனையில் இருந்தார். மருத்துவமும் உணவும் இலவசம். சோப்பு, துணி, தபால்தலை போன்றவற்றுக்கு மாதம் 600 யென் உதவித்தொகை. 1956இல் அதிகாரிகள் அவருடைய அண்ணனைத் தேடிப் பிடித்து, மாதம் 1,500 யென் அனுப்ப வைத்தார்கள். உடனே உதவித்தொகையை நிறுத்தி, அண்ணன் பணத்தில் 600ஐ அவருக்கு விட்டு, மீதி 900ஐ மருத்துவச் செலவுக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர் கையில் ஒரு யென்கூடக் கூடவில்லை. 1957இல் வழக்குப் போட்டார். அந்த 600 யென்னின் கணக்கை நீதிமன்றத்தில் பிரித்துப் பார்த்தபோது, உள்சட்டை இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்று வைத்திருந்தது வெளிவந்தது. 1960இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் இந்தத் தொகை சாசனம் சொல்லும் வாழ்க்கைக்குப் போதாது என்றது. 1963இல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 1964இல் அவர் இறந்தார். 1967இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்து, அளவை முடிவு செய்வது அமைச்சரின் பொறுப்பு என்றது.

சட்டப்படி தோல்வி. ஆனால் 1960 தீர்ப்புக்கு அடுத்த ஆண்டே அரசு உதவித்தொகை அளவைக் கணிசமாக உயர்த்தியது. ஜப்பானிய உறுப்பினர்களே சேர்த்த பிரிவு இது; அதனால் இதை வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்க யாராலும் முடியவில்லை.

கே: அரசையும் மதத்தையும் பிரிக்கிறது சாசனம். அங்கே கட்டடம் எழுப்பும் முன், ஜப்பானின் மரபுச் சமயமான ஷிண்டோவின் பூசாரி வந்து சடங்கு செய்வார் என்கிறார்களே?
(ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மதுரை)

செய்வார். ட்சு என்ற நகராட்சி 1965இல் உடற்பயிற்சிக் கூடம் கட்டத் தொடங்கியபோது அப்படி நிலச் சடங்கு செய்து, பூசாரிகளுக்கும் படையலுக்குமாக 7,663 யென் நகராட்சிப் பணத்தைச் செலவிட்டது. ஒரு நகரமன்ற உறுப்பினர் வழக்குப் போட்டார். நகோயா உயர் நீதிமன்றம் 1971இல் இது தவறு என்றது. 1977இல் உச்ச நீதிமன்றம் பத்துக்கு ஐந்து என்று பிரிந்து, தவறில்லை என்றது. செயலின் நோக்கம் மதம் சார்ந்ததா, அதன் விளைவு ஒரு மதத்தை வளர்ப்பதா என்று பார்க்க வேண்டும். நிலச் சடங்கு ஊர் வழக்கமாகிவிட்டது என்பது பெரும்பான்மையின் வாதம்.

இந்த அளவுகோல் எல்லாவற்றையும் அனுமதித்துவிடும் என்று பலர் அஞ்சினார்கள். அப்படி ஆகவில்லை. போரில் இறந்தவர்களை வணங்கும் டோக்கியோவின் யசுகுனி கோயிலுக்கும் உள்ளூர்ப் போர்வீரர் கோயிலுக்கும் எஹிமே மாகாண அரசு பல தவணைகளில் கொடுத்த 1,66,000 யென்னை 1997இல் அதே நீதிமன்றம் பதின்மூன்றுக்கு இரண்டு என்று சாசன விரோதம் என்றது. போர்க் காலத்தில் அரசு கையில் இருந்த கோயில் யசுகுனி. அங்கே கொடுக்கும் பணத்தை ஊர் வழக்கம் என்று சொல்ல முடியாது. 2010இல் ஹொக்கைடோவின் சுனகாவா நகராட்சி ஒரு கோயிலுக்கு நிலத்தை இலவசமாக விட்டதும், 2021இல் நாஹா நகராட்சி கன்பூசியஸ் கோயிலிடம் நில வாடகை வாங்காததும் செல்லாதென்று தீர்ப்பாயின.

கே: படையே கூடாது என்கிறது 9ஆம் பிரிவு. பின் எப்படிப் படை வைத்திருக்கிறார்கள்?
(வாசகர், தூத்துக்குடி)

கொரியப் போர் தொடங்கியதும் 1950இல் மெக்ஆர்தரே 75,000 பேர் கொண்ட போலீஸ் சேமப்படையை அமைக்கச் சொன்னார். அது 1954இல் தற்காப்புப் படையானது. தற்காப்புக்குத் தேவையான குறைந்தபட்ச பலம் பிரிவு தடுக்கும் 'படை' ஆகாது என்பது அரசின் விளக்கம். 2014 ஜூலையில் அமைச்சரவை அந்த விளக்கத்தை நீட்டி, நட்பு நாடு தாக்கப்பட்டாலும் சில நிபந்தனைகளோடு உதவலாம் என்றது. பிரிவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சாசனத்தின் பலவீனமான இடம் இதுவே: இங்கே எழுத்துக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியை நீதிமன்றமும் தீர்க்காமல் ஒதுங்கி நிற்கிறது.

கே: இத்தனை ஆண்டில் ஒரு திருத்தம்கூட இல்லையாமே, ஏன்?
(வங்கி ஊழியர், சேலம்)

இல்லை. நடைமுறை இதுதான். வரைவை முன்வைக்கக் கீழவையில் 100 பேர் அல்லது மேலவையில் 50 பேர் ஆதரவு வேண்டும். பின் இரண்டு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு. இன்றைய கணக்கில் 465இல் 310, 248இல் 166. பிறகு 60 முதல் 180 நாளுக்குள் மக்கள் வாக்கெடுப்பு. செல்லும் வாக்குகளில் பாதிக்கு மேல் ஆதரவு வந்தால் போதும். இத்தனை பேர் வாக்களித்திருக்க வேண்டும் என்ற வரம்பு இல்லை. வாக்கெடுப்பை எப்படி நடத்துவது என்ற சட்டமே 2007 வரை இல்லை.

தடை கடினம் என்பது பாதிக் காரணம். மற்றொன்று, 103 பிரிவுகள் கொண்ட இது மிகச் சிறிய சாசனம். தேர்தல் முறை, உள்ளாட்சி, நீதிமன்ற அமைப்பு பலவற்றையும் 'சட்டப்படி' என்று நாடாளுமன்றத்துக்கே விட்டுவிட்டது. 1994இல் கீழவைத் தேர்தல் முறையைத் தலைகீழாக மாற்றியபோதும், 2019இல் மாமன்னர் அகிஹிட்டோ பதவி துறந்தபோதும் சாதாரணச் சட்டமே போதுமானதாக இருந்தது.

கே: இந்தச் சாசனத்துக்கும் நம் அரசியலமைப்புக்கும் தொடர்பு உண்டா?
(சட்டக் கல்லூரி மாணவி, சென்னை)

உண்டு. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்னும் நம் 21ஆம் பிரிவின் வாசகம், ஜப்பானின் 31ஆம் பிரிவைப் பார்த்து எழுதப்பட்டது. சட்டம் நியாயமானதா என்று நீதிபதிகளே சோதிக்கும் அமெரிக்காவின் முறையில் அவர்களுக்கு அதிகாரம் கூடிவிடும் என்று அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் தயங்கினார், வரைவுக் குழு ஜப்பானிய வாசகத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் அங்கே 31க்கு அடுத்து 40 வரை கைது ஆணை, வழக்கறிஞர் உதவி, வற்புறுத்தி வாங்கிய வாக்குமூலம் செல்லாமை என்று அரண்கள் வரிசையாக நிற்கின்றன. நம் 22ஆம் பிரிவோ தடுப்புக்காவலில் வைத்தவருக்கு அரண்களைக் குறைத்தது. விளைவு 1950இலேயே தெரிந்தது. சென்னை மாகாணத்தில் தடுப்புக்காவலில் இருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் வழக்கில், சட்டமன்றம் எந்த நடைமுறையை வகுத்தாலும் போதும் என்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை சொன்னது. நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று மேனகா காந்தி வழக்கில் சொல்ல 1978 ஆயிற்று. ஒரு பிரிவைத் தனியே பெயர்த்து நட்டால் இப்படித்தான் ஆகும்.

கே: எங்கள் சோல்பரி யாப்பும் லண்டனிலிருந்து வந்ததுதானே? அது ஏன் எங்களைக் காக்கவில்லை?
(வாசகர், யாழ்ப்பாணம்)

சுதந்திர இலங்கையின் முதல் சாசனமான சோல்பரி யாப்பில் இருந்த 29(2) பிரிவு, ஓர் இனத்தார்க்கோ மதத்தார்க்கோ மட்டும் சுமையோ சலுகையோ தரும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று தெளிவாகத் தடுத்தது. ஆனாலும் 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அந்தப் பிரிவைக் காட்டித் தொடுத்த வழக்கில் 1953இல், லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் இல்லை, அது குடியுரிமைச் சட்டமே என்று கைவிட்டது. 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து, அதனால் சம்பள உயர்வை இழந்த அரசு எழுதுநர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கில் 1964இல் மாவட்ட நீதிமன்றம், 29இன்படி அந்தச் சட்டம் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்வியைத் தொடாமல், அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குப் போட முடியாது என்று தள்ளியது. 1969இல் பிரிவி கவுன்சில் அதைத் தவறென்று சொல்லி, மொழிச் சட்டம் பற்றிய கேள்வியைத் தீர்க்கும்படி கொழும்புக்கே திருப்பி அனுப்பியது. அது தீர்க்கப்படவே இல்லை.

ஜப்பானின் 24ஆம் பிரிவுக்கு நாட்டின் பாதிப் பேர் வாக்குரிமையோடு துணை நின்றார்கள். 29(2)க்குத் துணை நின்றவர்கள் சிறுபான்மையினர். அவர்களில் ஒரு பெரும் பகுதியினரின் வாக்கையே முதலில் பறித்தார்கள். 1971இல் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு போகும் வழி அடைக்கப்பட்டது. 1972 மே 22இல் உள்நாட்டிலேயே எழுதிய குடியரசு யாப்பு வந்தது. அதில் 29(2) இல்லை.